ஆராதனைக்குத்தானே ஜெராக்ஸ்?

ஐயா,

கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஒரே ஒரு நொட்டேஷன் (இசைக்குறிப்பு) புத்தகம் வாங்கி, பாடகர் குழுவுக்கு நாற்பது ஜெராக்ஸ் எடுப்பது வழக்கமாகிவிட்டது. ‘ஆராதனைக்குத்தானே’ என்பார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வழிபாட்டில் பாடுவதற்குத்தான் விலக்குத் தருகிறது. பிரதி எடுப்பதற்கு அல்ல. வகுப்பில் ஆசிரியர் மாணவருக்கு எடுத்துக் கொடுப்பது வேறு கணக்கு.

இயற்றியவர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. மேற்கத்திய இசையமைப்பாளர் ஹாண்டல் மறைந்தது 1759இல், கவலையில்லை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல்; 2033 முடியும்வரை பொறுக்க வேண்டும். ஹாண்டலுக்கே ஒருவர் அண்மையில் தமிழ்ச் சொற்கள் சேர்த்திருந்தால், அந்தச் சொற்களுக்குத் தனி உரிமை. இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

சரி, உரிமை தீர்ந்த பழைய பதிப்பையே எடுக்கிறோம் என்றாலும் பிரதி உருப்படியாக வர வேண்டுமே. தடித்த புத்தகம் கண்ணாடியில் படியாததால் நடுமடிப்பு ஓரத்துச் சுரங்கள் கருநிழலில் போய்விடும். பக்கத்தின் அடிவரி, அதாவது தாழ்ந்த ஆண் குரலுக்கான பேஸ் வரி, வெட்டுப்படும். பாவம், பேஸ் பாடகர்கள் குத்துமதிப்பாகப் பாடுகிறார்கள்! 93 சதவீதமாகச் சுருக்கினால் அடிவரி தப்பும். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை அளவு) தாளில் இருபுறமும் அடித்தால் பின்பக்க மை தெரிந்து, சுரத்துக்குப் பக்கத்தில் புள்ளி இருக்கிறதா என்றே தெரியாது. 100 ஜிஎஸ்எம் கேளுங்கள். பக்கம் திருப்பும் இடம் ஓய்வுக்குறியில் விழும்படி தாள்களை அடுக்குங்கள்.

பதிப்பகத்தார் ‘இத்தனை பிரதிக்கு இவ்வளவு’ என்று பிடிஎஃப் உரிமம் விற்கலாம். ‘புத்தகம் அச்சில் இல்லை’ என்ற சாக்காவது ஒழியும்.

பாடகர் குழுப் பயிற்சியாளர்,
பாளையங்கோட்டை