போனியெம் பாட்டும் மாமாவோட வழக்கும்

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுறேன்.

நல்லா இருக்கியாய்யா? இங்க எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முட்டி வலி முன்னைக்கு இப்ப தேவல, அக்கா புள்ளைங்களோட வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போனா, மத்தபடி ஊருல பெருசா சேதி இல்ல. போன் பண்ணா "வேலை இருக்கும்மா அப்புறம் கூப்புடுறேன்"னு வச்சிடுற. அதான் எழுதுறேன், எழுத்துன்னா ஒனக்குத் தோதுப்பட்டப்ப படிச்சுக்கலாம். வேளாவேளைக்கு சாப்பிடு.

மாமா நம்ம குரூப்புல போட்டது பாத்திருப்ப. 80-கள்ல வந்த பாட்டுலயே எது ஒசத்தி, ஆளுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னு போட்டான். அவனுக்கு வழக்கம்போல மாடர்ன் டாக்கிங்குங்கிற ஜெர்மன் பேண்டு, 'யூ ஆர் மை ஹார்ட் யூ ஆர் மை சோல்', 1984. நான் 'இளைய நிலா பொழிகிறதே' சொன்னேன், 1982. ஒங்க அத்தான் அக்னி நட்சத்திரத்துல வந்த 'ராஜா ராஜாதி ராஜன்'னு சொல்லிட்டு ஓடிட்டாரு. சித்தி 'சுராங்கனி'ன்னு எழுதுறா, அது அதுக்கும் முந்தின பாட்டு, இலங்கை மனோகர் பாடுனது, 80-ல சேராதுடின்னா கேக்க மாட்டேங்குறா, நம்ம பக்கத்துக் கல்யாண வீட்டுல 80 பூரா அதைத்தான் போட்டாங்கங்குறா. அதுவும் நெசம்தான். ராவு பூரா ஓடுச்சு இந்தப் பேச்சு, ஒன்னத்தவிர எல்லாரும் எழுதியாச்சு. நீ படிச்சிருக்க, டிக் நீலமா விழுந்திருக்கு, ஆனா ஒரு வார்த்தை எழுதல. முன்னெல்லாம் இப்படி ஒரு வழக்கு வந்தா மொத ஆளா வந்து, "அம்மா அந்த ரெண்டாவது சரணத்துல பேஸ் கிட்டார் எப்படிப் போகுது கவனிச்சியா"ன்னு ஆரம்பிப்பியே.

மாமா என்ன சொல்றான்னா பேண்டுன்னா வெள்ளைக்காரன்தானாம், நம்மகிட்ட இருந்ததெல்லாம் சினிமா ஆர்கெஸ்ட்ராவாம், பேண்டு இல்லையாம். எனக்கு வந்துச்சே கோவம். பாவலர் பிரதர்ஸ் என்னதாம்டா, வரதராசன் அண்ணனும் ராசையாவும் பாஸ்கரும் அமரனும் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கிட்டு ஊரூரா கம்யூனிஸ்ட் கச்சி மேடையில பாடுனாங்களே அது பேண்டு இல்லையா, அப்புறம் மெட்ராசுல ராஜா சார்கிட்ட கிட்டாருக்கு சந்திரசேகர், டிரம்ஸுக்கு அவரு கூடப்பொறந்த புருஷோத்தமன், பேஸுக்கு சசி, கீபோர்டுக்கு விஜி மேனுவல், வருசக்கணக்கா அதே ஆளுங்க கூடவே ஒக்காந்து வாசிச்சாங்களே அது பேண்டு இல்லாம என்னான்னு கேட்டேன். இந்தப் பேரெல்லாம் எனக்கு யாரு சொல்லிக்கொடுத்தா, நீதான. நான் கேசட் அட்டையில பாடுறவுக பேரும் படத்துப் பேரும் பாத்து வளந்தவ, வாசிச்சவுக பேரு எந்த அட்டையிலயும் இருந்ததில்ல. இளைய நிலாவுல பாலு குரலைக் கேட்டுக்கிட்டே இருந்தவளை, "அதை விடும்மா, பின்னாடி கிட்டார் மட்டும் கேளு"ன்னு காதுல வயரைச் சொருகி விட்டவன் நீ. அதை மாமாகிட்ட பெருமையா சொன்னேன். சரி உன் மகன் வந்து சொல்லட்டும்னுட்டான். எல்லாரும் ஒனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்.

மாமா 86-ல துபாய்ல இருந்து வந்தப்ப கொண்டாந்தானே ரெண்டு கேசட் போடுற பானாசோனிக், அதுவரைக்கும் எங்களுக்கு ரேடியோதான். இலங்கை வானொலி இங்க சென்னையை விடத் தெளிவா விழும், காலையில பொங்கும் பூம்புனல், அப்துல் ஹமீதோட பாட்டுக்குப் பாட்டு, கே.எஸ்.ராஜா பேசுனா ஒங்க தாத்தா கூட வலை பின்னுறதை நிறுத்திட்டு ஒக்காருவாரு. 82-க்கு அப்புறம் ரூபவாஹினி வேற, வசதியான வீட்டுல எல்லாம் ஆளுசரத்துக்கு நாலு மடங்கு கம்பத்துல ஆன்டெனா கட்டி வச்சிருந்தாங்க. இங்கிலீசு பாட்டுங்கிறது எனக்கு மாமா கேசட்டுலதான் வந்துச்சு, அதுல மொத கேசட்டு போனியெம்ங்கிற குழுவோடது. அதுல இருந்த 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' பாட்டு 78-ல வந்தது, நம்ம ஊருக்கு வந்து சேர அம்புட்டு வருசம், அதனால எனக்கு அது 80 பாட்டுதான், யாரு என்ன சொன்னாலும்.

அதுலயும் ஒரு வழக்கு. மாமா இன்னைக்கும் அந்தக் குழுவுல ஆடுற ஆளு பாபி ஃபேரல்தான் கட்டைக் குரல்ல பாடுனதுன்னு நிக்கிறான். இல்லடா, ரெக்கார்டுல பாடுனது ஃப்ராங்க் ஃபாரியன், ஜெர்மன்காரரு, பாட்டை எல்லாம் தயாரிச்சவரே அவருதான், பாபி மேடையில ஆடுனாரு வாயசைச்சாரு. பொம்பளைங்கள்லயும் லிஸ் மிச்செலும் மார்சியாவும்தான் ரெக்கார்டுல பாடுனது. அதே ஃபாரியன்தான் பின்னாடி மில்லி வனில்லின்னு ரெண்டு பயலுகளை வாயசைக்க விட்டு, விஷயம் வெளிய வந்து 1990-ல கிராமி பரிசையே திருப்பி வாங்கிட்டாங்க. இதெல்லாம் சொன்னா மாமா பேச்சை மாத்தி, பாபி ஃபேரல் செத்தது ரஷ்யாவுல பீட்டர்ஸ்பர்க்ல தெரியுமா, போனியெம் பாட்டுல வர்ற ராஸ்புடின் செத்த அதே ஊரு அதே டிசம்பர் 30-ங்கிறான். அது சரிதான், 2010-ல. அதுக்காக அவரு பாடுனதா ஆயிருமா? நீ சொல்லு.

'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' ஒனக்கு நான் தாலாட்டாவே பாடியிருக்கேன். அது போனியெம் பாட்டும் இல்ல, மொதல்ல பாடுனது ஜமைக்கா ஆளுங்க, மெலோடியன்ஸ், 1970. இவங்க பாடி 78-ல இங்கிலாந்துல அஞ்சு வாரம் மொத இடத்துல இருந்துச்சு. அது திருப்பாடல் 137-னு எனக்கு அப்பவே தெரியும், கோயில்ல வாசகம் வாசிக்கிறவ நானு, மாமாவுக்குத்தான் அது டிஸ்கோ. வாய் வார்த்தையும் நெஞ்சு நெனப்பும்னு வர்ற வரி மட்டும் 19-ஆவது திருப்பாடல். இந்தச் சண்டைக்காக மறுபடியும் பைபிளை எடுத்து வச்சு வரி வரியா பாட்டோட பாத்தேன். ஆத்தங்கரையில ஒக்காந்து அழுதது பாட்டுல இருக்கு, புடிச்சிட்டுப் போனவங்க பாடுங்கடான்னு கேட்டது இருக்கு, அன்னிய நாட்டுல எப்படிப் பாடுறதுங்கிறது இருக்கு. நடுவுல ஒரு வசனத்தை விட்டுட்டாங்கய்யா. அங்க நின்ன அலரி மரத்துல தங்களோட யாழையெல்லாம் மாட்டி வச்சிட்டாங்கன்னு வருமே, அந்த வசனம் பாட்டுல இல்ல. இத்தனை வருசம் பாடியிருக்கேன், இப்பத்தான் கவனிச்சேன்.

அதை வாசிச்சதுல இருந்து எனக்கு வேற ஒண்ணும் ஓட மாட்டேங்குது.

நீ சிங்கப்பூர்ல வீடு மாறுனதும் மொத வேலையா செவுத்துல ரெண்டு கொக்கி அடிச்சு பேஸை மாட்டினியே, வீடியோ கால்ல ஒன் தலைக்குப் பின்னாடி அதோட கழுத்து தெரியும், கருப்புல மஞ்சக் கோடு. அக்கா மக கூட மாமா தலையில கொம்புன்னு சிரிக்கும். போன தடவை பேசுறப்ப கொக்கி மட்டும் இருந்துச்சு. நான் கேக்கல, அப்பா பக்கத்துல இருந்தாரு. அதுக்கப்புறம் நீ வீடியோவே போடல, நெட்டு சரியில்லன்னு வெறும் காலுதான். கம்பி மாத்தக் கடையில குடுத்திருப்பன்னு நெனச்சுக்கிட்டேன். ஆனா நீ கம்பி மாத்துற ஆளா? காசு செலவாகும்னு பழைய கம்பியக் கழட்டி என் மீன் கொழம்புச் சட்டியில போட்டு அவிச்சவன்தான நீ, அழுக்குப் போயி சத்தம் புதுசா வரும்னு, நான் அடுப்படியில வந்து பாத்தா கொதிக்கிற தண்ணியில நாலு கம்பி சுருண்டு கெடக்கு, எம்புட்டு வஞ்சேன் அன்னைக்கு. சாயந்தரம் மாட்டி வாசிச்சுக் காட்டுன. நெசமாவே சத்தம் கணீர்னு இருந்துச்சு, அதையும் சொன்னேன்ல.

அங்க வெயிலு எப்படி? மழை பெய்யுதாமே. துணி காயலன்னா ஈரத்தோட போடாத. ராத்திரி முழிக்காத. வேளாவேளைக்கு சாப்பிடு.

நம்ம கோயில் திருவிழாவுல நீ வாசிச்சதை இன்னும் சொல்றாங்க தெரியுமா. பூசை முடிஞ்சு கச்சேரியில 'பனிவிழும் மலர்வனம்' எடுத்தீங்களே, பாடுன பையன் சுருதி விட்டான், தபேலா ஆளு ஓடுனான், நீ ஒருத்தன் ஒரே நெலையில நின்ன, கடைசியில எல்லாரும் ஒன்கிட்ட வந்து சேந்தாங்க. பாட்டுல அவன் வாசிச்சது ஒண்ணும் தனியா தெரியலையேன்னு சித்தி கேட்டா. அதுக்கு அப்பா சொன்னாரு, வலைக்கு அடியில கட்டுற ஈயக்குண்டு மாதிரி அவன் வேலை, மேல தெரியாது, இல்லாட்டி வலை நிக்காதுன்னு. ஒங்க அப்பா ஒன்ன மெச்சி நான் கேட்டது அன்னைக்குத்தான். ஒனக்கு நேரா சொல்ல மாட்டாரு. இப்பவும் விசைப்படகு ஆளுங்ககிட்ட எம்மவன் சிங்கப்பூர்ல கம்ப்யூட்டர் வேலை, கிட்டாரும் வாசிப்பான்னுதான் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு.

அப்படிப்பட்டவன் இப்படி வாயை மூடிக்கிட்டு இருந்தா நான் என்னன்னு நெனைக்கிறது. பெத்தவகிட்ட சொல்ல முடியாதது என்னய்யா இருக்கு. போன புதன்கிழமை காலையில பதினோரு மணிக்கு தெரியாம கை பட்டு ஒனக்குப் போன் போயிருச்சுன்னு சொன்னேன்ல, கை படல, நாந்தான் பண்ணேன். அங்க அப்ப ஒன்றரை மணி. ஆபீஸ்ல இருக்கேன்னு சொன்ன, பின்னாடி ஒங்க மாடிக்குக் கீழ இருக்கிற ஸ்கூல் பெல் அடிச்சுச்சு. அந்த பெல்லு எனக்குத் தெரியும், நான் வந்து தங்கியிருந்தப்ப தெனம் கேட்டது. சாப்பிட வீட்டுக்கு வந்திருப்ப, சரி. நான் ஒண்ணும் கேக்கல.

ஆபா (ABBA), அதான் ஸ்வீடன் பாட்டுக் குழு, அதையும் மாமா இழுத்தான். ரெண்டு புருசன் பொண்டாட்டி சோடி, ரெண்டு சோடியும் பிரிஞ்சுட்டு 81-ல கடைசியா ஒரு ஆல்பம் போட்டு நிறுத்துனவங்க, திரும்ப 2021-ல நாலு பேரும் சேந்து புதுசா போட்டாங்கல்ல, நாப்பது வருசம் கழிச்சு. மாடர்ன் டாக்கிங் கூட 87-ல முறிஞ்சு 98-ல சேந்துச்சு. திரும்பவும் முறிஞ்சுச்சு, அது வேற. பேண்டு முறிஞ்சா பாட்டு என்ன ஆகும்னு மாமா கேட்டதுக்கு நான் இதைத்தான் எழுதுனேன், ஒனக்கும் சேத்துத்தான் எழுதுனேன், நீ படிச்சியான்னு தெரியல.

இன்னொரு சேதி. அடகுல இருந்த என் நெக்லஸை அப்பா தடைக்காலத்துக்கு முன்னாடியே திருப்பிட்டாரு. அக்காவுக்கு இப்ப ஒண்ணும் தேவையில்ல, வீட்டு வேலையும் முடிஞ்சிருச்சு. மகளிர் குழுவுல நான் போட்டு வச்சதும் கைக்கு வந்திருக்கு. அது சும்மாதான் கெடக்கு. யாருக்காவது வேணும்னா குடுக்கலாம், வட்டியெல்லாம் வேண்டாம், எப்பத் திருப்புறதுன்னு கேக்கவும் மாட்டேன். நீ அனுப்புறதை ரெண்டு மாசம் அனுப்பாட்டியும் இங்க அடுப்பு எரியும், அதை நெனச்சு நீ அங்க பட்டினி கெடக்காத.

சுத்தி வளைச்சு எழுதி எழுதி எனக்கே அலுப்பா இருக்கு. பேஸை வித்துட்டியாய்யா? வித்திருந்தா வித்துட்டேன்னு சொல்லு. ஒரு பொருளு, மறுபடி வாங்கலாம், நான் வைய மாட்டேன். வேலை போயிருந்தாலும் சொல்லு. அப்பாகிட்ட இப்போதைக்கு சொல்ல வேண்டாம்னா சொல்ல மாட்டேன். ஊருக்கு வரணும்னு இருந்தா வா, யாரு கேட்டா என்ன சொல்றதுங்கிறதை நான் பாத்துக்கிறேன். ஒண்ணுமே இல்ல, நெசமாவே ரிப்பேருக்குத்தான் குடுத்திருக்கேன்னா இன்னும் சந்தோசம், கெழவி தேவையில்லாம பயந்துட்டான்னு விட்டுரு.

நாளைக்கு ராத்திரி அப்பா கடலுக்குப் போறாரு, விடிஞ்சுதான் வருவாரு. நான் தனியாத்தான் இருப்பேன். இங்க எட்டு மணின்னா ஒனக்குப் பத்தரை. போன் பண்ணு, வீடியோ வேண்டாம். அடுத்த வாரம் திருச்சியில இருந்து அத்தானோட கூட்டாளி சிங்கப்பூருக்கு ஏறுறாரு, நெத்திலிக் கருவாடும் பருப்புப் பொடியும் குடுத்து விடுறேன், சாளை வேணுமான்னும் சொல்லு.

அந்த கட்டைக் குரல் யாருதுன்னு குரூப்புல ஒரு வரி போட்டுவிடு, மாமா என்னைத் தொல்லை பண்றான்.

அம்மா