துடுப்புச் சக்கரக் கப்பல் நின்ற இடத்தில் திரும்புமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இருபக்கமும் உள்ள துடுப்புச் சக்கரங்களால் ஓடும் ஸ்காட்லாந்தின் ‘வேவர்லி’ நீராவிக் கப்பலைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் ஒரு திருத்தம். ஒரு சக்கரத்தை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் சுழற்றி, நின்ற இடத்திலேயே கப்பலைத் திருப்புவார்கள் என்று அதில் இருந்தது. சில இழுவைக் கப்பல்களில் அப்படிச் செய்யலாம். வேவர்லியில் முடியாது. இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை.

1947-இல் ஓடத் தொடங்கிய இந்தக் கப்பலைத் துறையில் அணைப்பது இதனாலேயே கடினம். சக்கரங்கள் தள்ளும் நீர் பின்கோடியிலுள்ள சுக்கான்மேல் நேராகப் பாய்வதில்லை. வேகம் குறைந்தால் சுக்கான் சொன்னபடி கேட்காது. அதனால் கேப்டன் ஓரளவு வேகத்தோடே நெருங்கி, கடைசியில் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டச் சொல்வார். சக்கரங்களின் அகலமான பலகைகள் நீரைக் கவ்வுவதால் கப்பல் சீக்கிரம் நிற்கும். மூன்று சிலிண்டர்களின் கிராங்குகளும் (பிஸ்டனின் முன்பின் அசைவை அச்சின் சுழற்சியாக மாற்றும் கைகள்) வெவ்வேறு கோணத்தில் இருப்பதால், எந்த நிலையில் நின்றாலும் எஞ்சின் மறுபடி கிளம்பும். பழைய ஒற்றைச் சிலிண்டர் கப்பல்களில் கிராங்கும் பிஸ்டன் தண்டும் நேர்கோட்டில் நின்றுவிட்டால், துறைக்கு முன்னால் தவிக்க வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய தொல்லை, இறங்கும் அவசரத்தில் பயணிகள் ஒரே பக்கம் கூடுவது. கப்பல் சாய்ந்ததும் ஒரு சக்கரம் ஆழ அமிழும், மற்றது மேலெழும். அமிழ்ந்த சக்கரம் அதிகம் தள்ள, கப்பலின் முன்புறம் எதிர்ப்பக்கம் திரும்பும்.

கட்டுரை சொல்லாமல் விட்டது சக்கரத்தின் உள்ளமைப்பை. எட்டுப் பலகைகளும் அசையாமல் ஆணியடித்தவை அல்ல. ஒவ்வொன்றும் தன் கீலில் திரும்பும். சக்கரத்தின் மையத்திலிருந்து சற்று விலகிய இன்னொரு மையத்திலிருந்து வரும் தண்டுகள், பலகைகள் ஏறக்குறைய செங்குத்தாக நீரில் இறங்கி, அப்படியே வெளிவரும்படி அவற்றைத் திருப்புகின்றன. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பலகை இறங்கும்போது நீரை அறையும், ஏறும்போது நீரை அள்ளித் தூக்கும். நீராவியின் வலு அதிலேயே வீணாகும். ஆனால் கீல்களிலுள்ள புஷ்கள் (உராய்வைத் தாங்கும் உள்வளையங்கள்) உப்புநீரிலும் மணலிலும் தேய்ந்துகொண்டே இருக்கும். மிதக்கும் மரக்கட்டை ஒன்று சக்கரத்தில் சிக்கினால் பலகை உடையும், தண்டு வளையும். உடனே நிறுத்தாவிட்டால், தொங்கும் துண்டு சுற்றுக்குச் சுற்று, சக்கரத்தை மூடியிருக்கும் சக்கரக்கூட்டை அடிக்கும்.

கட்டுரையோடு வந்த படத்தில் இந்தத் தண்டுகளே இல்லை. மீண்டும் வெளியிட்டால், சக்கரக்கூட்டின் உட்புறம் தெரியும் படமாகப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி