அந்த ஒரு வரி

ஆரையம்பதி
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய குறும்படக் கதையை இரண்டு தரம் வாசித்தேன். வாவிக்கரை, திண்ணையில் இருந்து வலை பொத்தும் பெத்தா, வாவியைக் கடக்கும் குருமண்வெளிப் பாதைப் படகில் வந்து இறங்கும் பையன், எல்லாம் அப்படியே நம்மட ஊர். ரொறன்ரோவில் இருந்துகொண்டு இவ்வளவையும் நினைவில் வைத்திருக்கிறாய் என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு இடத்தில் மட்டும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. வட்டிக்காரன் முதன்முதல் வரும் காட்சி. "முகத்திலும் கையிலும் வெள்ளைத் தழும்புகள். பார்த்தாலே அருவருப்பு" என்று எழுதியிருக்கிறாய். போனில் சொன்னால் இரண்டு நிமிடத்தில் வேறு கதைக்குப் போய்விடுவோம், அதனால்தான் எழுதுகிறேன்.

மாமிக்கு இருப்பதும் அதுதான், மகள்.

நீ மாமியை நினைத்து எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கையால்தான் அவள் உனக்குச் சோறு தீத்தினாள். உனக்கு அது ஒரு நாளும் அருவருப்பாக இருந்ததில்லை. ஆனால் ஒரு கெட்டவனை எழுத உட்கார்ந்ததும் உன் கை தானாக அங்கே போயிருக்கிறது. அதைப் பழக்கிவிட்டது நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்த படங்கள்தான்.

1954இல் வந்த ரத்தக்கண்ணீரை உனக்குத் தெரியும். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பணக்காரன் காந்தா என்கிற தாசியின் பின்னால் போய்ச் சொத்தையும் குடும்பத்தையும் தொலைக்கிறான், கடைசியில் குஷ்டம் வருகிறது. அந்த வேடத்தில் எம்.ஆர். ராதாவின் நடிப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் சின்ன வயதில் கோயில் திருவிழா ஒலிபெருக்கியில் அந்த வசனங்கள் போகும், எனக்கும் பாதி மனப்பாடம். ஆனால் அந்தப் படம் ஒரு கிருமியால் வரும் நோயை ஒழுக்கம் கெட்டவனுக்குக் கிடைத்த தண்டனையாக ஊருக்குச் சொல்லிவிட்டது. கிருமியை நோர்வே மருத்துவர் ஹான்சன் கண்டது 1873இல். படம் வந்த காலத்திலேயே டாப்சோன் குளிசை கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அதெல்லாம் படத்துக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்தப் படம் என்ன செய்தது என்பதை நான் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வேலையில்தான் கண்டேன். உனக்கு இதை முன்பு சொன்னதில்லை.

2010 அளவில் இருக்கும். மோட்டார் சைக்கிளைப் பாதைப் படகில் ஏற்றிக்கொண்டு வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்குப் போவேன். ஒரு வீட்டில் முப்பது வயதுப் பிள்ளை ஒன்று சோத்துப்பானையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்து என்னோடு கதைத்தாள். அவளுடைய சின்ன விரலில் பெரிய கொப்புளம். "என்ன பிள்ள, சுட்டுப்போட்டா?" என்று கேட்டேன். குனிந்து பார்த்தாள். அப்போதுதான் அவளே அதைக் காண்கிறாள். முழங்கைக்கு மேலே ஒரு வெளிறிய படை, கடியும் இல்லை, நோவும் இல்லை. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து அதன் நுனியால் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னேன். காட்டவே இல்லை. நான் இன்னும் தொடவில்லை என்று நினைத்துக் காத்துக்கொண்டு நின்றாள்.

மூன்று வருடமாகத் தேமல் என்று எதையெதையோ பூசியிருக்கிறார்கள். நான் தொழுநோயாக இருக்கலாம் என்று சொன்னதும் மாமியார் எழும்பிவிட்டார். "ராதாவுக்கு வந்த மாதிரி முகம் அழுகல்லியே தம்பி. என்ட மருமகள் அப்படிப்பட்டவளும் இல்ல."

இந்த இரண்டு வசனத்தையும் நான் இன்றைக்கும் மறக்கவில்லை. படம் காட்டியது நோயின் கடைசிக் கட்டத்தை. அதனால் தொடக்கத்தை அவர்களால் அடையாளம் காண முடியவில்லை. படம் நோயைக் கெட்ட நடத்தையோடு முடிச்சுப் போட்டது. அதனால் அடையாளம் கண்டாலும் வாய் திறக்க முடியாது. விரலைக் கிருமி தின்பதில்லை, மகள். நரம்பு செத்துப்போவதால் சுடுவதும் வெட்டுவதும் தெரியாமல் போகிறது, காயம் புண்ணாகிறது, அப்படித்தான் விரல் குறைகிறது. இதை எந்தப் படமும் எனக்குக் காட்டியதில்லை. பானை இறக்கிய அந்தக் கையை யாராவது படமாக்கியிருந்தால் எத்தனை வீட்டில் முன்கூட்டியே மருந்து கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அவளுக்குப் பன்னிரண்டு மாதம் மருந்து அட்டை கொடுத்தோம். எம்.டி.டி. என்கிற அந்தக் கூட்டு மருந்தை உலக சுகாதார நிறுவனம் 1981இலேயே பரிந்துரைத்துவிட்டது, இங்கே இலவசம். நோய் சுகமாகிவிட்டது. மடங்கிய இரண்டு விரல்கள் மட்டும் நிமிரவில்லை. மூன்று வருடம் முந்தியிருந்தால் மடங்கியே இருக்காது. தொழுநோய் ஆஸ்பத்திரித் தீவான மாந்தீவுக்குக் கொண்டுபோவார்களா என்று அவள் என்னிடம் மூன்று தரம் கேட்டாள், பாவம். வீட்டில் இருந்தே குடிக்கலாம், பிள்ளைக்குச் சோறும் ஊட்டலாம் என்று நானும் மூன்று தரம் சொன்னேன்.

மாமிக்கு இருப்பது இது இல்லை, அது உனக்குத் தெரியும். தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்களை உடம்பே அழித்துவிடுகிறது, அவ்வளவுதான். தொற்றாது. உலகத்தில் நூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ஆனால் ஊர் அதற்கு வைத்த பேர் வெண்குட்டம். அந்தப் பேரால் ராதாவின் முகம் அவள் மேலேயும் வந்து விழுந்தது. மட்டக்களப்பில் இருந்து பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனார்கள். அவள்தான் அதை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். படலையடியில் அவர்களில் ஒரு அம்மா சொன்னது எனக்குக் கேட்டது: "பார்க்கவே அருவருப்பா இருக்கு." உன் கதையில் அதே சொல்லைக் கண்டதும் நெஞ்சு திக்கென்றது.

இது தமிழ்ப் படத்துக்கு மட்டும் உள்ள பழக்கமும் இல்லை. 2017இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் சிலர் ஹொலிவூட்டின் பேர்போன பத்து வில்லன்களையும் பத்து நாயகர்களையும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தழும்பு, மரு, மொட்டைத்தலை என்று வில்லன்களில் ஆறு பேருக்கு ஏதோ ஒன்று இருந்தது. நாயகர்களில் ஒருவருக்கும் அப்படிக் கண்ணில் படும்படி எதுவும் இல்லை. அடுத்த வருடம் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம், முகத் தழும்பை வைத்து வில்லனைக் காட்டும் படங்களுக்கு இனிப் பணம் தருவதில்லை என்று அறிவித்தது. நீ படிக்கும் துறை, உனக்கு என்னைவிடக் கூடத் தெரிந்திருக்கும்.

உன் வட்டிக்காரனுக்குத் தழும்பு தேவையே இல்லை. மூன்றாம் காட்சியில் அவன் விரலை நாக்கில் தொட்டு, கொப்பியைப் புரட்டி, பெத்தாவின் தோட்டைப் பார்க்கிறானே, அங்கேயே எனக்கு அவன் மேல் கோபம் வந்துவிட்டது. நல்ல வெள்ளைச் சட்டையும் சிரித்த முகமும் கொடுத்துப் பார். தழும்பை வைக்கத்தான் வேண்டும் என்றால், வலை பொத்தும் பெத்தாவின் கையில் வை. அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் பேச வேண்டாம். பையன் அந்தக் கையால் சோறு வாங்கித் தின்னட்டும்.

பெரியவர் சொல்கிறார் என்பதற்காக மாற்றாதே. யோசித்துப் பார், சரி என்று பட்டால் மாற்று. படவில்லை என்றால் ஏன் என்று எழுது, நான் வாசிக்கிறேன்.

இன்று பின்னேரம் மாமி மோர்மிளகாய் கொண்டுவந்து தந்தாள், அங்கிருந்து ஊருக்கு வருகிற யாரிடமாவது உனக்குக் கொடுத்துவிடச் சொல்லி. "பிள்ளைட படம் எப்ப வரும், என்ன கதை?" என்று கேட்டாள். எழுதி முடியவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா