வீட்டு வன்முறை: அழைப்பு வந்தால் என்ன செய்வது

உறுப்பினர்களுக்கு வணக்கம். அழைக்கும் பெண்ணிடம் முதலில், "இப்ப பேசலாமாம்மா, பக்கத்துல யாரு இருக்காங்க?" என்று கேளுங்கள். உடனடி ஆபத்தென்றால் அவசர எண் 112. மற்றபடி பெண்கள் உதவி எண் 181, இரவிலும் எடுப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் பலர் "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். வழக்கு பலவீனமாவது அங்கேதான். யார், எதைக் கொண்டு அடித்தார் என்பது விபத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான சான்று) இல்லாமல் திரும்ப வேண்டாம். "சமாதானமாப் போங்க" என்று எழுதி வாங்கி அனுப்பினாலும், 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள். பாதுகாப்பு அலுவலர் தயாரிக்கும் அறிக்கை மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாளுக்குள் மனுவைத் தீர்க்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பது வேறு, தெரிந்ததுதானே! எனவே இடைக்கால உத்தரவையும் மனுவோடு சேர்த்தே கேட்கச் சொல்லுங்கள். வீடு மாமியார் பேரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையைக் கோரலாம். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம்: பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

பெயர், காயப் படம், தங்கியிருக்கும் ஊர் எதையும் இந்தக் குழுவில் போடாதீர்கள். அந்தப் பெண்ணுக்குத் தனியாக அனுப்புமுன்பும், வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். கணவரின் கணினியிலும் அவருடைய வாட்ஸ்அப் திறந்திருக்கலாம்.