பட்டி பூசினா ரிப்பேர் ஆயிடாது: பழைய ஃபைபர் போட் பத்தி ஒரு கடிதம்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

பழைய ஃபைபர் போட்டை நாமளே சரி பண்றது எப்படின்னு போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு குறிப்பு வந்திருந்துச்சு. விரிசல் விட்ட எடத்துல பட்டி வெச்சு தேய்ச்சு மேல பெயிண்ட் அடிச்சா போதும்னும், அடிப்பாகத்துல கொப்புளம் வந்துட்டா போட்டுக்கு வயசாயிடுச்சு, தள்ளிட்டு வேற பாருங்கன்னும் போட்டிருந்தீங்க. ரெண்டுமே தப்பு சார். ரெண்டாவதுல காசு மட்டும்தான் நஷ்டம், முதல்ல சொன்னது ஆளுங்க உள்ள உக்காந்து போயிட்டிருக்கும்போது தண்ணில கழண்டு விழுற சமாச்சாரம். எனக்கு இந்த வேலைதான் பொழப்பு, அதனால கொஞ்சம் நீட்டித்தான் எழுதறேன். எடம் பத்தலைன்னா நடுவுல எங்க வேணா வெட்டிக்கோங்க, மருந்து, அதாவது கெமிக்கல், கலக்கறது பத்தி கடைசில எழுதியிருக்கறத மட்டும் தயவுசெஞ்சு வெட்டிடாதீங்க.

ஃபைபர் போட்டோட பலம் முழுக்க கண்ணாடி இழைலதான் இருக்கு. ரெசின்ங்கற இறுகற பசை அந்த இழைங்கள அசையாம பிடிச்சு வெச்சிருக்கு, அவ்ளோதான். விரிசல் உள்ள வரைக்கும் போயிருந்தா அங்க இழை அறுந்திருக்குன்னு அர்த்தம். அறுந்த எடத்துல புது இழை வெச்சு ரெண்டு பக்கத்தையும் திரும்ப இணைக்கணும். பட்டில இழை எங்க இருக்கு? கார் வேலைக்கு விக்கிற பட்டி வெறும் ரெசினும் டால்க் பவுடரும்தான், அந்த பவுடர் தண்ணிய மெதுவா குடிக்கும், தண்ணிக்கு கீழ இருக்கற பாகத்துல அத வைக்கவே கூடாது. அதுவும் போக, அலை அடிக்க அடிக்க போட்டோட அடிப்பாகம் லேசா வளைஞ்சு வளைஞ்சு நிமிரும், பட்டி வளையாது, கொஞ்ச நாள்ல ஓரம் பிரிஞ்சு தண்ணி உள்ள போக வழி கெடைச்சிடும், மேல அடிச்ச பெயிண்ட் அத அழகா மறைச்சும் வெச்சிடும். பெயிண்ட் அடிச்சு பளபளன்னு விக்க வெச்சிருக்கற பழைய போட்டுனா நான் முதல்ல சந்தேகப்படறதே அந்த பெயிண்டைத்தான்.

விரிசல்னு சொன்னா எல்லாம் ஒண்ணு கிடையாது. வெளில தெரியற வழவழப்பான மேல் பூச்சு, ஜெல்கோட்னு சொல்றது, சுமாரா அரை மில்லிமீட்டர் கனம்தான். அதுல மட்டும் மயிரிழையா கோடு விழுந்திருந்தா பயப்பட ஒண்ணுமில்ல. ஒரு புள்ளில இருந்து நட்சத்திரம் மாதிரி பிரிஞ்சு ஓடுச்சுன்னா எதுலயோ இடிச்சிருக்கு, அங்க உள்பக்கத்தையும் பாக்கணும். கோடு கோடா பக்கத்து பக்கத்துல ஓடுச்சுன்னா அந்த எடம் ஓவரா வளையுதுன்னு அர்த்தம், பெரும்பாலும் உள்ள ஒரு குறுக்குச் சட்டமோ தடுப்போ முடியற விளிம்பு இருக்கும், வளையற பாகமும் வளையாத பாகமும் சேர்ற எடம் அது. அங்க வெறும் விரிசலை மட்டும் மூடினா அடுத்த சீசன்ல ரெண்டு இஞ்ச் தள்ளி அதே கோடு திரும்ப வரும். உள்பக்கமா கூடுதல் மேட் (கண்ணாடி இழைய விரிப்பா ஒட்டினது) போட்டு அந்த எடத்த கனமாக்கினாத்தான் தீரும்.

எதையும் பிரிக்கறதுக்கு முன்னாடி தட்டிப் பாருங்க, காசு செலவில்லாத டெஸ்ட். ஒரு காசோ சின்ன பிளாஸ்டிக் சுத்தியலோ எடுத்து அணியத்துல இருந்து பின்பக்கம் வரைக்கும் கைவாட்டத்துக்கு தட்டிக்கிட்டே வரணும். நல்ல எடம் டக் டக்னு கணீர்னு கேக்கும், லேயர் பிரிஞ்ச எடமோ தண்ணி குடிச்ச எடமோ சத்தம் அமுங்கி தொப்புனு கேக்கும். எங்க சத்தம் மாறுதோ அங்க பென்சில்ல கோடு போட்டு வெச்சிருங்க. போட்டோட அடில நடுவுல நீளமா ஓடற ஏராவுக்கு பக்கத்துல மட்டும் கனம் அதிகம், அதனால சத்தம் எப்படியும் கொஞ்சம் வித்தியாசப்படும், அத பாத்து பதறக்கூடாது.

இப்ப கொப்புளத்துக்கு வரேன், குறிப்பு எழுதினவர் வயசாயிடுச்சுன்னு கைகழுவினது இங்கதான். ஜெல்கோட் பாக்கத்தான் கண்ணாடி மாதிரி இருக்கு, தண்ணி ஆவியா அது வழியா மெதுவா உள்ள போகும். ரெசின் சரியா இறுகாத எடத்துல மிச்சம் மீதி கெமிக்கல் இருக்கும், அதுல போய் தண்ணி கரையும், அந்த கரைசல் இன்னும் தண்ணிய இழுக்கும், அழுத்தம் ஏறி ஜெல்கோட்டை தூக்கும். ஆஸ்மோசிஸ்னு சொல்றது இதத்தான். கடல் தண்ணிய விட நல்ல தண்ணில இது வேகமா நடக்கும், தினம் கரை ஏத்தி வெக்கிற போட்டை விட மாசக்கணக்கா தண்ணிலயே கட்டிப் போட்ட போட்டுக்கு ஜாஸ்தியா வரும். ஒரு கொப்புளத்த கத்தி முனையால குத்திப் பாருங்க, கண்ணாடி போட்டுக்கிட்டு குத்துங்க, ஏன்னா உள்ள இருக்கற தண்ணி பீச்சி அடிக்கும். விரல்ல தொட்டா பிசுபிசுன்னு ஒட்டும், மோந்தா புளிச்ச காடி வாசனை வரும். அந்த வாசனை வந்தா இது ஆஸ்மோசிஸ்தான், வெறும் தண்ணின்னா பெயிண்டுக்கு அடில மாட்டின ஈரமாக்கூட இருக்கலாம்.

இதுல பலபேரு கோட்டை விடறது காயவைக்கிற விஷயத்துல. கொப்புளத்த தேய்ச்சு திறந்துட்டு ரெண்டு நாள் வெயில்ல போட்டா காஞ்சிடும்னு நெனைக்கறாங்க, ஆனா அந்த பிசுபிசு சும்மா காயற சாமான் இல்ல, கிளைகால் வகையறா, காத்துல இருக்கற ஈரத்தையே திரும்ப இழுத்துக்கும். அதனால திறந்த குழிங்கள நல்ல தண்ணி விட்டு, முடிஞ்சா பிரஷர்ல, திரும்ப திரும்ப கழுவணும், கழுவி காயவிட்டு மறுபடி கழுவணும், பிசுபிசுப்பு நிக்கிற வரைக்கும். வாரக்கணக்குல ஆகும், மோசமான போட்டுனா மாசக்கணக்குல கூட இழுக்கும். காஞ்சுடுச்சான்னு பாக்க, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட் ஒரு துண்டு வெட்டி நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டு பாருங்க, உள்பக்கம் வேர்த்திருந்தா இன்னும் ஈரம் இருக்கு. பொறுமை இல்லாதவங்க ஈரத்து மேலயே எப்பாக்ஸி ரெசின அடிச்சு மூடிட்டு, எப்பாக்ஸி சரியில்லன்னு திட்டுவாங்க.

இனி ஓட்டை, முழு விரிசல். இங்க வேலையோட முக்கால் பங்கு கிரைண்டர்லதான் இருக்கு, மேட் ஒட்டறதுல இல்ல. அடிபட்ட, வெளுத்துப் போன, பிரிஞ்ச பாகம் எல்லாத்தையும் நல்ல பாகம் வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துடணும், அப்புறம் ஓட்டையச் சுத்தி சரிவா தேய்க்கணும், தாம்பாளத்து விளிம்பு மாதிரி அகலமா. எவ்ளோ அகலம்னா, கனத்துக்கு 12 மடங்கு. 5 மில்லி கனமான போட்டுக்கு ஓட்டையச் சுத்தி 60 மில்லி சரிவு. அதாவது 50 மில்லி ஓட்டைக்கு குறுக்க 170 மில்லி எடம் தேய்ச்சாகணும். முதல் தடவை செய்யறவங்களுக்கு இத கேட்டதும் தூக்கி வாரிப் போடும், இத்துனூண்டு ஓட்டைக்கு இவ்ளோ பெருசா நோண்டணுமான்னு. நோண்டணும் சார். ஏன்னா பழைய ரெசின் எப்பவோ இறுகி முடிஞ்சு போச்சு, புது ரெசின் அதோட கெமிக்கலா சேராது, தேய்ச்ச கீறல்ல பிடிச்சுக்கிட்டு நிக்கும், அவ்ளோதான். பிடிக்க எவ்ளோ பரப்பு குடுக்கறோமோ அவ்ளோ பலம். ஒழுங்கா சரிவா தேய்ச்சீங்கன்னா ஒவ்வொரு லேயரும் வளையம் வளையமா வெளில தெரியும், மேட் இருக்கற எடம் சொரசொரன்னு ஒழுங்கில்லாம, ரோவிங், அதாவது பின்னின இழைத் துணி, இருக்கற எடம் கட்டம் கட்டமா பின்னல் தெரியும். அந்த வளையங்க எல்லா பக்கமும் ஒரே அகலத்துல இருந்தா உங்க கை சரியா போயிருக்கு.

தேய்க்கறதுக்கு முன்னாடியே ஒரு தடவை அசிட்டோன் துணியால துடைச்சிடுங்க, இல்லன்னா பழைய மெழுகையும் எண்ணெயையும் கிரைண்டரே கீறல் உள்ள திணிச்சிடும். வெளிப்பக்கமா ஒரு பாலிஷான ஷீட்டை மெழுகு தடவி அண்டை குடுத்துட்டு உள்பக்கம் இருந்து போடறது சௌகரியம், உள்ள கை போகாத எடம்னா வெளில இருந்துதான். பெரிய துண்டை முதல்ல வெக்கறதா சின்ன துண்டை முதல்ல வெக்கறதான்னு ஒரு சண்டை ரொம்ப நாளா ஓடுது. நான் பெருசத்தான் முதல்ல வெப்பேன், சரிவு முழுக்க ஒரே இழை ஓடி பழைய பாகத்த பிடிக்கும், மேல தேய்ச்சு சமப்படுத்தும்போதும் அந்த லேயர் வெட்டுப்படாது.

சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு லேயர் சுமாரா 1 மில்லி கனம் தரும், ஒரு சதுர மீட்டர் மேட்டுக்கு ஏறக்குறைய 1 கிலோ ரெசின் ஆகும். முதல்ல எடத்துல ரெசின தடவிட்டு அது மேல மேட்டை வைங்க, பிரஷ்ஷால இழுக்காம குத்தி குத்தி நனைங்க. வெள்ளையா இருக்கற மேட் நனைய நனைய கண்ணாடியா மாறும், எங்கயாச்சும் வெள்ளைப் புள்ளி நின்னா அது காத்து, ரோலரால ஓரத்துக்கு தள்ளி வெளியேத்தணும். அத அப்படியே விட்டா அதுதான் நாளைக்கு கொப்புளம். அஞ்சு லேயரையும் ஒரே மூச்சுல போட்டு முடிச்சுடலாம்னு அவசரப்படாதீங்க, கனமா போட்டா சூடு வெளிய போகாம புகைஞ்சு உள்ளயே வெடிப்பு விடும், மூணு போட்டு சூடு அடங்கினதும் மிச்சத்த போடுங்க. நேர் வெயில்ல வேண்டாம், பனி எறங்கற நேரத்துலயும் வேண்டாம்.

ரெசின் பாலியஸ்டரா எப்பாக்ஸியான்னு நெறைய பேர் கேப்பாங்க. பழைய பரப்ப பிடிக்கறதுல எப்பாக்ஸிதான் ஒசத்தி, தண்ணிக்கு கீழ இருக்கற ஒட்டுக்கு நான் அதத்தான் சொல்வேன், விலை கூடத்தான். ஆனா அதுக்கு ரெண்டு விஷயம் தெரிஞ்சிருக்கணும். சாதா மேட்ல இழைய ஒட்டி வெச்சிருக்கற பசை பாலியஸ்டர் ரெசின்ல இருக்கற ஸ்டைரீன்ங்கற கரைப்பான்ல கரையற பசை, எப்பாக்ஸில ஸ்டைரீன் கிடையாது, மேட் வெரப்பாவே நிக்கும், அதனால பின்னின துணி வாங்கணும். அப்புறம் எப்பாக்ஸி மேல பாலியஸ்டர் ஜெல்கோட் அடிச்சா சரியா இறுகாம, பிடிக்காம போக வாய்ப்பு அதிகம், அதுக்கு மேல பெயிண்ட்தான். இந்த ரெண்டுக்கும் தயாரில்லன்னா பாலியஸ்டர்லயே நல்லா சரிவு குடுத்து பண்ணுங்க, தாராளமா நிக்கும். கடைசி ஜெல்கோட்ல மட்டும் மெழுகு கரைசல் சேத்துக்கணும், காத்து பட்டா அதோட மேல்பரப்பு இறுகாம ஒட்டிக்கிட்டே இருக்கும்.

எல்லா போட்டையும் காப்பாத்தலாம்னு நான் சொல்ல வரல. இன்ஜின் மாட்டற பின்பலகைக்குள்ள பிளைவுட் இருக்கும், அதுல ஸ்க்ரூ ஓட்டை வழியா தண்ணி எறங்கி உளுத்துப் போயிருந்தா செலவு ஏறும். சின்னதா ட்ரில் போட்டு பாத்தா காஞ்ச மரத்தூள் வருதா கருப்பா ஈரமா வருதான்னு தெரிஞ்சிடும். உள்ள ஓடற நீளச் சட்டங்களும் உளுத்து, அடிப்பாகமும் பாதிக்கு மேல தொப்பு சத்தம் கேட்டா, சரி, விட்டுடுங்க. ஆனா அந்த முடிவு தட்டிப் பாத்து, குத்திப் பாத்து எடுக்கற முடிவா இருக்கணும், ரெண்டு கொப்புளத்த பாத்து எடுக்கறதா இருக்கக்கூடாது. இறுகின ரெசின திரும்ப உருக்க முடியாது, தூக்கிப் போட்ட போட் கரைல அப்படியே கிடக்கும், கொளுத்தினா விஷப் புகை.

இப்ப நான் வெட்டாதீங்கன்னு கேட்ட பாகம். உங்க குறிப்புல "ரெசினுடன் மருந்துகளை கலக்கவும்"னு ஒரே வரில முடிச்சிருந்தீங்க. பாலியஸ்டருக்கு மருந்து ரெண்டு இருக்கு, இறுகறத வேகப்படுத்தற கோபால்ட் ஒண்ணு, இறுக வெக்கற எம்.இ.கே.பி.ங்கற ஹார்ட்னர் ஒண்ணு. இந்த ரெண்டையும் நேரடியா ஒண்ணோட ஒண்ணு ஊத்தினா தீப்பிடிக்கும், வெடிக்கக்கூட செய்யும். முதல்ல கோபால்ட்ட ரெசின்ல போட்டு முழுசா கலக்கிட்டு, அதுக்கப்புறம்தான் ஹார்ட்னர், அளவு எடுக்கற மூடி கூட ரெண்டுக்கும் தனித்தனி. கோபால்ட் ஏற்கனவே கலந்து வர்ற ரெசினும் இருக்கு, டப்பால படிச்சுப் பாத்துட்டு தொடுங்க. ஹார்ட்னர் எடைல 1 முதல் 2 சதவீதம், 1 கிலோவுக்கு 10 முதல் 20 கிராம், டப்பால வேற போட்டிருந்தா அதுதான் கணக்கு. ஒரு சொட்டு கண்ணுல பட்டா பார்வையே போகலாம், கண்ணாடி இல்லாம மூடிய திறக்காதீங்க, பட்டுட்டா உடனே குறைஞ்சது 15 நிமிஷம் ஓடற தண்ணில கழுவிக்கிட்டே இருந்துட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க. ரெசின் வாசனைக்கு துணி மாஸ்க் உதவாது, கரி வெச்ச கேட்ரிட்ஜ் மாஸ்க் வேணும், கண்ணாடித் தூசிக்கும் அதுல தூசி ஃபில்டர் சேத்து போடணும். மிஞ்சின ரெசின டப்பாலயே விடாதீங்க, சூடேறி புகையும், அகலமான தகர தட்டுல மெல்லிசா பரத்தி வெளில வெச்சிடுங்க. துடைச்ச துணிய சுருட்டி மூலைல போடாம தண்ணில நனைச்சு வெளில வைங்க.

உங்க குறிப்ப நம்பி யாராவது இந்த வாரமே ரெண்டு பாட்டிலையும் வாங்கி வெச்சிருப்பாங்க. அதனால இத அடுத்த வாரத்துக்கு தள்ளாம, முடிஞ்சா நாளைக்கே ஒரு திருத்தமா போட்டுடுங்க சார்.

இப்படிக்கு,
ஃபைபர் போட் ரிப்பேர் பாக்குற ஒரு வாசகர்