எண்ணெய்க் கிண்ணத்தை விடுங்கள், குளியலறையைக் காட்டுங்கள்

யாழ்ப்பாணத்தில் நலவாழ்வு விடுதி நடத்துவோருக்கும் சுற்றுலாத் துறையினருக்கும்,

வணக்கம். உங்கள் விளம்பரங்களில் எண்ணெய்க் கிண்ணமும் செவ்வரத்தம்பூவும் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் எழுபது வயதுக்காரர் தேடுவது மலசலகூடத்தின் படத்தை. கொமோட் எவ்வளவு உயரம், வாசலில் எத்தனை படி என்று ரொறன்ரோவிலிருந்து மகள்தான் கேட்பாள். மறுமொழி தடுமாறினால் வேறு இடம் பார்த்துவிடுவாள்.

அளவுகளை எழுதிப் போடுங்கள். இருக்கை தரையிலிருந்து 45 முதல் 48 செ.மீ. இருந்தால் முழங்கால் நோக்காடு உள்ளவர் தானாக எழும்புவார். பிடிகம்பியைச் சுவரில் துளைத்துப் பூட்டுங்கள். ஒட்டிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கம்பி ஆளின் பாரத்தைத் தாங்காது. சாய்தளம் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். பளபளக்கும் மாபிள் மட்டும் வேண்டாம். எண்ணெய் பூசிய காலோடு குளிக்கப் போகும் அந்தப் பத்தடி தூரம்தான் முழுச் சிகிச்சையிலும் ஆபத்தானது.

வந்த அன்றே மாத்திரைப் பட்டியலை வாங்கி வைத்தியரிடம் காட்டுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவரை அழுத்திப் பிடித்தால் தோல் கன்றிப்போகும். அதிமதுரம் நாட்கணக்கில் கொடுத்தால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நீரிழிவால் பாதம் மரத்தவருக்கு ஒத்தடம் சுடுவது தெரியாது, கொப்புளம் எழும்பிய பின்தான் தெரியும். சூட்டை முதலில் உங்கள் கையில் பாருங்கள். இதய வருத்தக்காரருக்கு, அவருடைய வைத்தியர் சம்மதிக்காமல் வேது (ஆவி) பிடிக்காதீர்கள். "இயற்கை மருந்து, ஒன்றும் செய்யாது" என்ற பேச்சைக் கேட்டதும் விவரம் தெரிந்த முதியவர் பெட்டியைக் கட்டிவிடுவார். பெண்களுக்குப் பெண்ணே எண்ணெய் பூசுவார் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்; கேட்கக் கூச்சப்பட்டே பல ஆச்சிமார் வராமல் விடுகிறார்கள்.

பாவனையிலுள்ள இன்சுலினை 30 பாகை செல்சியஸுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் நம்மூர் அறை அதைத் தாண்டும். அறைக்கு ஒரு சிறு குளிர்சாதனப் பெட்டி, மின்சாரம் நின்றால் அதற்கு மாற்று வழி.

கீரிமலைக் கேணி நகுல முனிவரின் கீரிமுகம் நீங்கிய இடம் என்பார்கள். சுகம் தேடி வருவது இங்கே புதிதல்ல. ஆனால் பாசி பிடித்த படிக்கு முனிவரும் சாமானியரும் ஒன்றுதான். சுற்றுலாத் துறையினரே, படிகளை ஒழுங்காகத் தேய்த்து, இருபக்கமும் கைபிடி போடுங்கள். ஆடி அமாவாசைக் கூட்டத்துக்குள் முதியோரை அழைத்துப் போக வேண்டாம். நெடுந்தீவுப் பயணத்தைப் பொதியில் கட்டாயமாக்கவும் வேண்டாம். குறிகட்டுவான் இறங்குதுறையில் ஆடும் படகில் ஏறுவதே பலருக்கு முடியாத காரியம்.

விளம்பரத்தின் அடியில் இன்னும் இரண்டு வரி சேருங்கள்: யாழ் போதனா வைத்தியசாலைக்கு எத்தனை நிமிடம்? இரவு 2 மணிக்கு வாகனம் எடுப்பவர் யார்?

இப்படிக்கு,
முதியோர் பயண ஏற்பாட்டில் ஈடுபட்டிருப்போர்