பிறசர் பார்க்கும் மேசையில் மனத்தையும் விசாரிக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் சுகாதாரப் பகுதியில் வெளிவரும் உடல்நல, உளநல ஆலோசனைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். கிழமைக்கு 150 நிமிடமாவது விரைந்து நடவுங்கள், உப்பை நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் நிறுத்துங்கள், இரவில் கைத்தொலைபேசியை ஒதுக்கிவிட்டு நேரத்துக்குப் படுங்கள் என்பவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. முதலிரண்டும் உலக சுகாதார நிறுவனமே வகுத்த அளவுகள். ஆனால் காலபோகக் கதிர் முற்றும் நாட்களில் யானைக்குப் பயந்து காவல் கொட்டிலில் விடிய விடிய விழித்திருப்பவருக்கும், ஆடைத் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிப்பதற்காக இருட்டோடு எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு ஒழுங்கை முகப்பில் நிற்கும் பிள்ளைக்கும் நேரத்துக்குப் படு என்று சொல்லி என்ன பயன்? வன்னியில் பலருக்குத் தட்டுப்பாடாக இருப்பவை ஓய்வும், மனம் விட்டுக் கதைக்க ஓர் ஆளும்தான்.

சீனி, பிறசர் கிளினிக் நடக்கும் நாளில் எங்கள் பக்கத்துப் பிரதேச வைத்தியசாலை ஒன்றின் விறாந்தையில் சற்று நேரம் இருந்து பார்த்தால் நான் சொல்ல வருவது விளங்கும். வெறும் வயிற்றோடு முதல் பேருந்தில் வந்திறங்கியவர்கள், கிளினிக் கொப்பியைச் சொப்பிங் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, தங்கள் இலக்கம் கூப்பிடப்படும்வரை வாங்கிலில் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். வைத்தியர் முன்னால் இருக்கக் கிடைப்பது இரண்டொரு நிமிடம். அதற்குள் "நித்திரை வருகுதில்லை ஐயா, நெஞ்சு பதகளிக்குது, நாரி உளையுது" என்று ஓர் அம்மா ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். கொப்பியில் பிறசர் அளவு எழுதப்படும், பனடோலும் பூச்சு மருந்தும் கிடைக்கும், அடுத்த இலக்கம் கூப்பிடப்படும். ஏன் நித்திரை வரவில்லை என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. வைத்தியரை நான் குறைகூறவில்லை. அந்த வாங்கிலில் இருப்பவர்கள் அத்தனை பேரையும் ஒரு காலைப்பொழுதுக்குள் பார்த்து அனுப்ப வேண்டியவர் அவர்.

காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். 2009 மே மாதத்தோடு யுத்தம் முடிந்ததென்றாலும் அதில் பறிகொடுத்தவர்களின் நினைவு இங்கே எந்த வீட்டிலும் முடியவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் போராடத் தொடங்கிய பெற்றோரில் பலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். அதற்கு மேல் நுண்கடன்: தவணைக் காசு வாங்க வருகிறவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் படலையடியில் கேட்டதும் கைகால் நடுங்கிப்போகும் பெண்களை நான் அறிவேன்.

சீனி வருத்தம் உள்ளவர்களிடையே மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்படுவது மருத்துவம் நன்கறிந்த செய்தி. மனம் சோர்ந்தவர் குளிசையை ஒழுங்காகப் போடமாட்டார். ஒரு நேரம் பட்டினி கிடப்பார், மறு நேரம் கண்டதையும் சாப்பிடுவார். சீனி ஏறும், அது ஏற ஏற மனம் இன்னும் உடையும். அப்படியிருக்க, ஒரே ஆளின் உடம்பை ஒரு வாசலிலும் மனத்தை வேறொரு வாசலிலும் பார்க்கிறோம். அந்த இரண்டாவது வாசலில் நின்றதை ஊரவர் கண்டால், "அவவுக்கு விசராம்" என்ற கதை அவர் வீடு திரும்புமுன்னே ஒழுங்கைக்கு வந்து சேர்ந்துவிடும். கலியாணம் பேசும் வயதில் மகள் இருந்தால் சொல்லவே வேண்டியதில்லை.

ஆகவே, பிறசர் பார்க்கும் மேசையிலேயே தாதி இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கும் நடைமுறையைக் கொண்டுவர வேண்டும். கடந்த 2 கிழமைகளில் எதைச் செய்யவும் விருப்பமற்று இருந்தீர்களா, மனம் சோர்ந்து நம்பிக்கையிழந்து இருந்தீர்களா என்ற இவ்விரண்டும், மனச்சோர்வை இனங்காண்பதற்கு முதற்படியாகப் பல நாடுகளில் கேட்கப்படுபவைதான். ஓம் என்று சொல்பவரை அதே நாளில், அதே கட்டடத்தில் உளநல வைத்திய அதிகாரி பார்க்க வேண்டும். இன்னொரு நாள் இன்னொரு வைத்தியசாலைக்கு வா என்றால், ஒரு நாள் கூலியையும் பேருந்துக் காசையும் இழந்து காட்டோரக் குடியிருப்பிலிருந்து யார் வருவார்கள்? உளநல சேவையை மக்களுக்கு அருகில் கொண்டுபோக வேண்டும் என்பது 2005 இல் அரசு ஏற்றுக்கொண்ட உளநலக் கொள்கையிலேயே உள்ள விடயம். நான் புதிதாக எதையும் கேட்கவில்லை.

யுத்தத்தின் காயம் தனியாட்களோடு நில்லாமல் குடும்பத்திலும் ஊரிலும் விழுந்திருப்பதைக் கூட்டு மனவடு என்ற நோக்கில் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியிருக்கிறார். அதை ஆற்றுவதில் மாதர் சங்கத்துக்கும் முதியோர் சங்கத்துக்கும் பங்குண்டு. எங்கள் கிராமங்களில் அவை இல்லாமலில்லை. யாராவது நிவாரணம் கொடுக்க வந்தால்தான் கூடுகின்றன, அவ்வளவுதான். மாதத்தில் ஒரு பின்னேரம் எவரும் எதுவும் கொடுக்காமலே கூடியிருந்து, யாருடைய கடன் எவ்வளவு கழுத்தை நெரிக்கிறது, யார் கொஞ்ச நாளாக வெளியே தலைகாட்டவில்லை என்று கதைத்தாலே சிலருடைய நிலைமை முன்கூட்டியே தெரியவரும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்கள், தத்தம் மாவட்டத்தில் ஒரு வைத்தியசாலையிலாவது இந்த நடைமுறையை 6 மாதங்களுக்குப் பரீட்சித்துப் பார்க்குமாறு தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தாங்களும் சுகாதாரப் பகுதியின் அடியில், தேசிய உளநல நிறுவகத்தின் 24 மணிநேரத் தொலைபேசி இலக்கமான 1926 ஐ ஒவ்வொரு கிழமையும், கண்ணாடி போடாத முதியவருக்கும் தெரியும் அளவு பெரிய எழுத்தில் பிரசுரித்து உதவ வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
துணுக்காய்.